எனக்கு நீதவான் வேடம் வேண்டும்

நாளுக்கு மூன்று தரம், கிழமைக்கு ஐந்து நாள், நான் சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டுகொண்டிருந்தேன். ஐந்து மாதம் அப்படிப் போனது. காலை பத்தரைக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை, பள்ளிக்கூட பஸ்கள் புறப்படுவதற்கு முன் ஒன்றரைக்கு இன்னொருமுறை. ஒவ்வொரு முறையும் முழங்காலில் விழுந்து, கை கூப்பி, பிசாசோடு உடன்படிக்கை செய்தேன் என்று சொல்ல வேண்டும். வாங்குகளில் இருக்கும் எழுபது எண்பது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பிறகு எழும்பி, பாவாடையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு, சாப்பாட்டு அறைக்குப் போய்ச் சோற்றுப் பெட்டியைத் திறப்பேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. மெல்பேர்னில் ஒரு மியூசியத்தில் நான் காட்சிக்கூடப் பணியாளராக வேலை செய்தேன். கண்ணாடிப் பெட்டிகளில் பிள்ளைகள் கைவைக்காமல் பார்ப்பதும், கழிப்பறை எங்கே என்று கேட்பவர்களுக்கு வழி காட்டுவதும்தான் வேலை. அதற்கு முன் எட்டு வருடம் டண்டினொங் என்ற புறநகரில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தேன். அதற்கும் முன், நாட்டில் இருந்தபோது, மன்னாரில் ஆசிரியை.

அந்த வருடம் அமெரிக்காவில் இருந்து ஒரு கண்காட்சி இரவலாக வந்தது. ஆங்கிலேயர் அங்கே குடியேறியிருந்த காலத்தில் சேலம் என்ற ஊரைச் சுற்றி நடந்த சூனிய வழக்குகள் பற்றியது. சில சிறுமிகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. மருந்துக்கு அடங்கவில்லை. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று கதை கிளம்பியது. அயலவர் அயலவரைக் காட்டிக் கொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உயிர் தப்பினார்கள். நான் செய்யவில்லை என்று நின்றவர்கள்தான் தூக்குமரத்துக்குப் போனார்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "மாறிச் சொல்லிவிட்டீர்கள், மிஸ்" என்பார்கள்.

கண்ணாடிக்குள் இருந்த பழைய கடதாசிகளை எந்தப் பிள்ளையும் நின்று பார்க்கவில்லை. அதனால் மியூசியம் ஒரு நாடகம் போட்டது. காட்சிக்கூடத்தின் நடுவே மரவாங்குகளை அடுக்கி, ஒரு பழைய சபை மண்டபம் போல ஆக்கினார்கள். பார்க்க வரும் பிள்ளைகள்தான் ஊர்ச் சனம். நடிப்பவர்கள் மூன்று பேர்: விசாரிக்கும் நீதவான், ஒப்புக்கொள்ளாத விவசாயி மனைவி, ஒப்புக்கொள்ளும் அடிமைப் பெண். கடைசியில் விவசாயி மனைவி குற்றவாளியா இல்லையா என்று பிள்ளைகள் கை உயர்த்திச் சொல்ல வேண்டும்.

அடிமைப் பெண்ணாக நடிக்க இருந்தவள் ஒத்திகை நடக்கும்போதே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஒருநாள் நான் படிக்கட்டில் சறுக்கி விளையாடிய ஒரு வகுப்பையே ஒரு அதட்டலில் நிறுத்தினேன். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற நாடக நெறியாளர் என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, எந்நேரமும் பென்சிலைத் தலைமயிரில் செருகியிருக்கும் மெல்பேர்ன்காரி. ஆங்கிலத்தில் நடந்த பேச்சுகளை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

"உங்களுக்கு நல்ல குரல். நடித்திருக்கிறீர்களா?"

"பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கியிருக்கிறேன்."

"இந்தப் பாத்திரத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துவீர்கள். வழக்குப் பதிவேட்டிலேயே அவளை இந்தியப் பெண் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்."

"அவர்கள் எழுதிய இந்தியர் வேறு. கொலம்பஸ் வழி தவறிப்போய்ப் பெயர் வைத்த இந்தியர்."

அவர் முகம் சிவந்துபோனது.

"அதோடு நான் இந்தியாவும் இல்லை. இலங்கை" என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்டார். நான் சம்மதித்தேன். கலை ஆர்வம் என்று பொய் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நின்று என் குதிக்கால்கள் வெடித்திருந்தன. அடிமைப் பெண்ணுக்கு மேடையில் ஒரு முக்காலி இருந்தது.

வீட்டில் சொன்னபோது கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சேலமோ? திருச்சியில அகதியா இருக்கேக்க நான் அங்க பஸ்ஸில போனனான். மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தது ஞாபகமில்லையோ?"

"அது வேற சேலம். இது அமெரிக்கா."

"அங்கயும் சேலமோ? சரி, அங்க நீர் என்னவா வாறீர்?"

"சூனியம் வச்சனான் எண்டு ஒப்புக்கொள்ளுற அடிமை."

அவர் கோப்பையைத் திரும்ப எடுத்தார். பிறகு, "ஒப்புக்கொள்ளாத ஆளுக்கு வேற ஆள் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு. வெள்ளைப் பிள்ளை ஒண்டு."

"அப்ப சரி" என்றார். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும். நான் அதில் வாசகம் வாசிப்பேன். பாடகர் குழுவை நடத்திய அன்ரி ஒருவர் ஒரு ஞாயிறு என்னை வாசலில் மறித்தார்.

"பிள்ளை, கேள்விப்பட்டது மெய்யே? மியூசியத்தில சூனியக்காரியா நிக்கிறியாம்."

"ஓம் அன்ரி. நடிக்கிறன்."

"பேயோட கூட்டுச் சேந்தனான் எண்டு வாயால சொல்லுறியாம்."

"ஓம். ஒரு நாளைக்கு மூண்டு தரம்."

"அந்த வாயால வேதம் வாசிக்கிறது சரியில்லை. ஆக்கள் கதைக்கினம். கொஞ்ச நாளைக்கு வேற ஆரும் வாசிக்கட்டுமே."

"பெரிய வெள்ளிக்குப் போடுற பாஸ்கு நாடகத்தில யூதாசா நடிச்சது உங்கட அண்ணர்தானே அன்ரி? எத்தினை வருசம்?"

"பதினொண்டு வருசம்."

"அந்தப் பதினொரு வருசமும் அவருக்கு நற்கருணை குடுக்கேல்லையோ?"

"அது ஆம்பிளையள், பிள்ளை."

நான் நேரே போய் முன்வாங்கில் இருந்தேன். நேரம் வந்ததும் ஏறி வாசித்தேன், வழக்கத்தைவிடச் சத்தமாக. அன்ரி அன்று முழுக்க என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமும் நானே வாசித்தேன்.

ஆனால் கோவிலில் இல்லாத தொந்தரவு மேடையில் தொடங்கியிருந்தது. நீதவானாக நடித்தவர் அறுபது தாண்டிய நடிகர். நல்ல மனிதர். என் சோற்றுப் பெட்டியில் இருந்து பருப்பை ருசி பார்ப்பார். மேடை ஏறினால் கத்துவார். மேசையில் குத்துவார், கண்ணை உருட்டுவார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். அவர் ஒரு கெட்டவர் என்று முதல் நிமிடத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் கை உயர்த்தச் சொன்னால், குற்றவாளி என்று ஒரு கையும் எழும்பாது. பிள்ளைகள் தங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஆசிரியர்கள் நன்றி சொல்லிக் கடிதம் எழுதுவார்கள்.

நான் முக்காலியில் இருந்து ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரணை அப்படி நடக்காது என்பது எனக்குத் தெரியும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு என் தம்பியைத் தேடி இராணுவத்தினர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே படகில் இராமேஸ்வரம் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக என்னை முகாமுக்கு வரச் சொன்னார்கள். மூன்று நாள், காலையில் போய் மாலையில் வர வேண்டும். என்னை விசாரித்த அதிகாரி ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. நான் உள்ளே போனதும் எழும்பி நின்றார். "ரீச்சர், இருங்கோ" என்று கதிரையை இழுத்துத் தந்தார். குடிக்கப் பிளேன்ரீ வந்தது. என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். பிறகுதான் கேள்வி. தம்பி ஆயுத இயக்கத்துக்குப் போனானா என்று அவர் கேட்கவே இல்லை. போனவன் கடைசியாக எப்போது வீட்டில் சாப்பிட்டான் என்று கேட்டார். அவன் போகும்போது என்ன நிறச் சட்டை என்று கேட்டார். எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும், அவன் போனான் என்பதை நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். இதை நான் முதல் நாள் மத்தியானம் கண்டுபிடித்தேன். அதற்குள் ஆறு ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தேன், அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதால்.

மூன்றாம் நாள் ஒரு கடதாசியைத் தந்தார். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. "நீங்கள் சொன்னதுதான்" என்றார். கையெழுத்து வைத்தேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சேலத்து அடிமைப் பெண்ணின் வாக்குமூலமும் அப்படித்தான். அவள் சொன்னதாக எழுத்தர் எழுதியது மட்டும்தான் மிச்சம். அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று யாருக்குத் தெரியும்? அந்த எழுத்தரின் வார்த்தைகளை நான் நாளுக்கு மூன்று தரம் என் வாயால், முழங்காலில் நின்று, மெய்யாக்கிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் மாதம் தொடங்கிய கிழமை நெறியாளரின் அறைக் கதவைத் தட்டினேன்.

"எனக்கு நீதவான் வேடம் வேண்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் பென்சிலைத் தலையில் இருந்து எடுத்தார்.

"அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஒரு பெண் நீதவானாக இருந்திருக்க முடியாது. அதுவும்..." என்று நிறுத்தினார்.

"அதுவும் கறுத்தவள்" என்றேன். "சொல்லுங்கள், பரவாயில்லை."

"பார்க்கிறவர்கள் குழம்புவார்கள்."

"விவசாயி மனைவி விளக்குமாற்றில் பறந்தாள் என்று நீதவான் சொல்லும்போது குழம்பாதவர்கள் இதற்கா குழம்பப் போகிறார்கள்?"

"ஏன் இந்த வேடம்? அவர் கெட்டவர்தானே. உங்கள் பாத்திரத்தில்தான் எல்லாருடைய அனுதாபமும் இருக்கிறது."

"அனுதாபம் போதும். ஐந்து மாதம் வாங்கினேன். அந்த மேசைக்குப் பின்னால் இருந்து எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, மற்ற இரண்டு நடிகர்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எதிர்க் கதிரையில் இருந்து பார்த்திருக்கிறேன்."

பிறகு அந்த மூன்று நாளைப் பற்றிச் சொன்னேன். மேலே எழுதியதைவிடக் குறைவாகத்தான் சொன்னேன். அவர் பென்சிலை மேசையில் வைத்தார். அடிமைப் பெண்ணாக யார் நடிப்பது என்று கடைசியில் கேட்டார்.

"யாரும் வேண்டாம். முக்காலியை வெறுமையாக விடுங்கள். அவள் சொன்னதாக எழுதியதை எழுத்தர் வாசிக்கட்டும். நம்மிடம் இருப்பது அந்தக் கடதாசிதானே."

அவர் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். காப்பாற்றியது அந்த வயதான நடிகர். கதவு திறந்தே இருந்ததால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது" என்றார். "நான் எழுத்தராக ஓரத்தில் இருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை, ஒரே ஒரு காட்சி, அவள் செய்து பார்க்கட்டும்."

அவருடைய கறுப்பு அங்கியை எனக்கு நாலு அங்குலம் குறுக்கினார்கள். வெள்ளைக் கழுத்துப்பட்டி. தலைமயிரை இறுக்கிப் பின்னால் முடிந்தேன்.

அந்த வியாழன் விவசாயி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் மேசைக்குப் பின்னால் எழும்பி நின்றேன். அவளுக்குக் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அந்த நடிகை இருபத்திமூன்று வயதுப் பிள்ளை. நான் தண்ணீர் ஊற்றப் போவது அவளுக்குத் தெரியாது. நடிப்பை மறந்து "நன்றி" என்றாள். வரும் வழியில் குளிராக இருந்ததா என்று கேட்டேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர்களுக்கு யார் இரவுச் சாப்பாடு கொடுப்பார்கள் என்று கேட்டேன். பிறகு, அதே குரலில், பக்கத்து வீட்டுப் பசு செத்த அன்று அந்த வேலியோரம் எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டேன்.

நின்றாயா என்று கேட்கவில்லை.

அவள் வசனத்தை மறந்து திக்கினாள். மண்டபத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ஒரு சப்பாத்து உரசும் சத்தம்கூட இல்லை. கடைசியில் கை உயர்த்தச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் குற்றவாளி என்று கை உயர்த்தினார்கள். ஐந்து மாதத்தில் முதல் தரம். கை உயர்த்தியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் உயர்த்திய கையை மெதுவாக இறக்கித் தலையைச் சொறிந்தான்.

உடுப்பு மாற்றும் அறையில் அந்த நடிகை என்னைக் கட்டிப்பிடித்தாள். "உங்களை நம்பிவிட்டேன்" என்றாள். "அதுதான் பயமாக இருந்தது." நெறியாளர் சுவரில் சாய்ந்துகொண்டு, "கடவுளே, அவர்கள் அவளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்" என்றார். வெள்ளிக்கிழமையும் நானே நீதவான். அதற்குப் பிறகு வேறு யாரும் அந்த அங்கியைப் போடவில்லை.

கடிதங்கள் வரத் தொடங்கின. வரலாற்றோடு விளையாடுகிறோம் என்று ஒருவர். மியூசியத்துக்கே வெட்கக்கேடு என்று இன்னொருவர். சனி ஞாயிறிலும் பொதுமக்களுக்குக் காட்சி நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பேரப்பிள்ளைகளோடு வந்த ஒரு பெரியவர் காட்சி முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"அப்படி ஒரு நீதவான் இருக்கவில்லை, அம்மணி."

"உண்மைதான்."

"பிறகு ஏன் இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுகிறீர்கள்?"

"நீங்கள் கை உயர்த்தினீர்களா?"

சின்னப் பேத்திதான், "தாத்தா குற்றவாளி என்று உயர்த்தினார்" என்றாள்.

மேலிடத்தில் இருந்து, நீதவானாக நடிப்பவரின் தோற்றம் வரலாற்றுக்கு ஏற்றது அல்ல என்று வாசலில் ஒரு அறிவிப்பு வைக்கச் சொன்னார்கள். பார்க்க வரும் பிள்ளைகளின் தோற்றமும்தான் வரலாற்றுக்கு ஏற்றது அல்ல, அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதவில்லை. ஒவ்வொரு காலையும் நான் அந்தப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். மத்தியானம் யாரோ நேராக்குவார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் நேராக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு வேலை போகப் பார்த்தது. டண்டினொங்கில் இருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஆறாம் வகுப்பு. வியட்நாம், ஆப்கானிஸ்தான், பொஸ்னியா, எங்கள் ஆட்கள், எல்லாரும் கலந்திருந்தார்கள். பாதி விசாரணையில் இரண்டாம் வாங்கில் ஒரு சிறுமி எழும்பினாள். இரட்டைப் பின்னல், பெரிய கண்ணாடி. முகத்தைப் பார்த்ததும் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தது.

"நீங்கள் எப்போது, எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்கிறீர்கள்" என்றாள். "செய்தாளா என்று கேட்கவே இல்லை."

நாடகத்தில் இதற்கு இடமில்லை. சிரித்துவிட்டு இருக்கச் சொல்லியிருக்கலாம். நான் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தேன். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் என்ன செய்வாரோ அதைச் செய்தேன்.

"இங்கே வாரும்" என்றேன், மெதுவாக. "உம்மை யார் அனுப்பினது?"

"ஒருவரும் அனுப்பவில்லை." பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தப் பெண்ணை எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"பத்து நிமிடமாக."

"பத்து நிமிடப் பழக்கத்தில் இவளுக்காக எழும்பி நிற்கிறீரா?"

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் பத்து நிமிடமாகத்தானே தெரியும்" என்றாள்.

எழுத்தர் மேசையில் இருந்த வயதான நடிகரைப் பார்த்தேன். அவர் இறகுப் பேனாவைப் பிடித்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, எதையோ எழுதுவதுபோல் குனிந்தார். "இவருடைய பெயரைக் குறித்துக்கொள்ளும்" என்று அவருக்குச் சொன்னேன். அந்த ஒரு வரியோடு பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. இருந்தாலும் அவள் தன் வாங்குக்குத் திரும்பவில்லை. காட்சி முடியும் மட்டும் விவசாயி மனைவியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். அன்று ஒரு கையும் உயரவில்லை.

பிறகு அவள் கழிப்பறைக்குள் போய் அழுதிருக்கிறாள். ஆசிரியை கொதித்துப்போய் முறைப்பாடு எழுதினார். இரண்டு நாளில் என்னை மேலே கூப்பிட்டார்கள். நெறியாளரும் இருந்தார். நீதவானைக் கொஞ்சம் இளக்க வேண்டும், பிள்ளைகளோடு நேரடியாகப் பேசக்கூடாது, முடிந்தால் கொஞ்சம் வேடிக்கையாகச் செய்யலாம் என்றார்கள்.

"மாட்டேன்" என்றேன்.

"ஒரு பிள்ளை அழுதிருக்கிறது."

"எனக்கும் அது நெஞ்சில் கிடக்கிறது. ஆனால் அவள் பயந்துகொண்டே நின்றாள். இந்தக் கட்டடத்தில் இவ்வளவு நாளில் யாரும் அப்படி நிற்கவில்லை. பயப்பட ஒன்றும் இல்லாவிட்டால் எதற்கு எதிராக நிற்பது? வேடிக்கை வேண்டுமென்றால் அங்கியைக் கழற்றித் தந்துவிட்டுப் படிக்கட்டில் போய் நிற்கிறேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முடிவு திங்கட்கிழமை என்றார்கள். அந்த வார முடிவை எப்படிக் கழித்தேன் என்று கணவரைத்தான் கேட்க வேண்டும். "விட்டுக் குடாதையும்" என்று மட்டும் சொன்னார். முதல் தரம் அப்படிச் சொன்னார்.

திங்கள் காலையே மியூசியத்தில் எனக்கு ரெலிபோன் வந்தது. அந்தச் சிறுமியின் தாய். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களோ அந்த நீதவான்?"

"ஓம். பிள்ளையைப் பயப்படுத்திப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதை விடுங்கோ. வீட்டில நாலு நாளா உங்களோடதான் சண்டை. குசினியில நிண்டு உங்களைப்போல என்னை விசாரிக்கிறா. உங்களிட்டக் கேக்க இன்னும் கேள்வி இருக்காம். கொப்பியில எழுதி வச்சிருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"வாங்கோ" என்றேன். சொல்லும்போதே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

மத்தியானக் கூட்டத்தில் என் நிபந்தனையை வைத்தேன். நீதவானில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் பிறகு அங்கியைக் கழற்றிவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவளின் கதிரையில் நான் இருப்பேன். பத்து நிமிடம் பிள்ளைகள் என்னை விசாரிக்கலாம். எதையும் கேட்கலாம். தாய் பேசியதையும் சொன்னேன். நெறியாளர் முதல் ஆளாக, "நான் இதற்குச் சம்மதம். இல்லையென்றால் நானும் போகிறேன்" என்றார். மேலிடம் அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு அந்தச் சிறுமி கொப்பியோடு வந்தாள். இருபத்திரண்டு கேள்விகள். கிறுக்கலான எழுத்து. தாய் பின் வாங்கில் இருந்தார். நான் தமிழில் "இரும், பிள்ளை" என்றேன். அவள் ஆங்கிலத்தில், "நீங்கள்தான் இருக்க வேண்டும்" என்றாள். இருந்தேன்.

நடிக்கும்போது உங்களுக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டாள். முதல் கேள்வியே அது. நான் ஓம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் எண்பது பேர் இருந்தார்கள். ஓம், பிடித்திருந்தது, அந்த மேசைக்குப் பின்னால் இருந்தால் எவருக்கும் பிடிக்கும், அதனால்தான் அந்த மேசையை நம்பக்கூடாது என்றேன். அவள் அதைக் கொப்பியில் எழுதினாள். நான் சொன்னதை எழுதினாளா என்று பார்க்கக் கேட்டேன். கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சொல் பிழையாக இருந்தது, திருத்தச் சொன்னேன். திருத்தினாள்.

கண்காட்சி முடியும்வரை பதினாலு மாதம் அந்தப் பத்து நிமிடம் நடந்தது. பல நாள் அது அரை மணிநேரமாக நீண்டது. பஸ் சாரதிகள் வந்து கதவில் நின்று ஹோர்ன் அடிப்பதுபோல் கை காட்டுவார்கள். நாட்டை விட்டு வந்தது ஏன், நீங்கள் எப்போதாவது யாரையாவது காட்டிக் கொடுத்தீர்களா, வகுப்பில் ஒருவரைப் பற்றி எல்லாரும் கதை கட்டினால் என்ன செய்வது, எல்லாம் கேட்டார்கள். அந்தக் கடதாசியைப் பற்றியும் ஒருநாள் சொன்னேன். வாசிக்க முடியாததில் ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று ஒரு பொஸ்னியப் பையன் கேட்டான். பயத்தில் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

பெட்டிகள் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயின. வாங்குகளைக் கழற்றினார்கள். வயதான நடிகர் என்னிடம் பருப்புக்குச் செய்முறை வாங்கிக்கொண்டு போனார். நான் மீண்டும் பணியாளரின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போனேன். ஆனால் அதற்குப் பிறகு மியூசியத்தில் எந்த நாடகம் போட்டாலும் என்னைக் கூப்பிட்டார்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு தேயிலையின் கதை என்று ஒரு கண்காட்சி வந்தது. புதிய நெறியாளர், இளம் ஆண். என்னைத் தேடி மிகுந்த உற்சாகத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால் மேசையில் ஒரு கூடையும் சிவப்புச் சேலையும் தயாராக இருந்தன.

"தேயிலை பறிக்கும் பெண்" என்றார். "உங்களை நினைத்துத்தான் எழுதினேன்."

"தோட்டத்துத் துரை யார்?"

"அதற்கு இன்னும் ஆள் பார்க்கவில்லை."

"பார்க்க வேண்டாம்" என்றேன்.

அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு கிழமை யோசித்தார். மூன்றாம் கிழமை தையல்காரி துரையின் காக்கிக் காற்சட்டைக்கு என் இடுப்பை அளக்க வந்தாள்.